1909-க்குப் புகார் போனால்தான் இந்தத் தொல்லை குறையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செட்டிநாட்டு ஊர்களில் பகல் பதினொரு மணிக்கு லேண்ட்லைன் மணி அடித்தால், வெளிநாட்டுப் பிள்ளைதான் கூப்பிடுகிறதோ என்று ஆச்சிமார் இரண்டாங்கட்டிலிருந்து வளவைத் தாண்டி முகப்புக்கு வருகிறார்கள். எடுத்தால் மனை விற்பனை, நகைக்கடன், கிரெடிட் கார்டு. முழங்கால் வலியோடு நடந்து வருகிறவர்களுக்கு இது சின்னத் தொந்தரவு அல்ல.

கைபேசி வைத்திருப்பவர்கள் வந்த எண்ணை பிளாக் செய்துவிட்டு அத்தோடு மறந்துவிடுகிறார்கள். அதனால் கூப்பிட்டவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நாளைக்கு வேறு எண்ணிலிருந்து அதே குரல் வரும். அந்த இணைப்பையே முடக்க வேண்டுமானால் விளம்பர அழைப்புகளைத் தடுக்கவும் புகார் கொடுக்கவும் உள்ள 1909 என்ற எண்ணுக்குப் புகார் போக வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 பிப்ரவரியில் விதிகளைத் திருத்திய பிறகு இதற்குப் பலம் கூடியிருக்கிறது. முன்பு 7 நாளில் 10 புகார் சேர்ந்தால்தான் நடவடிக்கை; இப்போது 10 நாளுக்குள் 5 பேர் புகார் கொடுத்தால் போதும். முதல் முறை பிடிபட்டால் 15 நாளுக்கு அவர்கள் யாரையும் அழைக்க முடியாது. மறுபடியும் செய்தால் அவர்களுடைய எல்லா இணைப்புகளும் ஓராண்டுக்குத் துண்டிக்கப்படும். ஒரே எண்ணிலிருந்து ஒரு தெரு முழுக்கக் கூப்பிடுகிறார்கள் என்றால், அந்தத் தெருவில் ஐந்து வீட்டார் மனது வைத்தாலே காரியம் நடக்கும்.

முதலில் விளம்பரத் தடைக்கான பதிவு. கைபேசியில் ஆங்கில எழுத்தில் ஸ்டார்ட் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, 0 சேர்த்து 1909-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் எல்லா விளம்பரங்களுக்கும் தடை. வங்கி, காப்பீடு, கடன் வகையறாவை மட்டும் நிறுத்தவும் வழி உண்டு. ரியல் எஸ்டேட்டுக்கும் அப்படியே. நம் பக்கத்துக்கு வருகிற அழைப்புகளில் பெரும்பகுதி இந்த இரண்டுதான். லேண்ட்லைனுக்கு எஸ்.எம்.எஸ். கிடையாது, அந்தப் போனிலிருந்தே 1909-ஐச் சுழற்றிப் பதிவு செய்ய வேண்டும். தடை போட்டால் ஓ.டி.பி.யும் காஸ் சிலிண்டர் தகவலும் நின்றுவிடும் என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். நிற்காது. அவை சேவைத் தகவல்கள். தடை விளம்பரத்துக்கு மட்டும்தான். இந்தப் பயத்தாலேயே பதிவு செய்யாமல் இருப்பவர்கள் ஏராளம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பதிவு செய்யாதவர்களும் இப்போது புகார் கொடுக்கலாம். அழைப்பு வந்த 7 நாளுக்குள், வந்த அதே சிம்மிலிருந்து அனுப்ப வேண்டும். என்ன விற்றார்கள் என்பதைச் சுருக்கமாக எழுதி, ஒரு கமா போட்டு, அழைத்த எண், மறுபடி கமா, பிறகு நாள், மாதம், ஆண்டு. அப்பாவின் போனுக்கு வந்ததை மகன் தன் போனிலிருந்து அனுப்புவதும், 'போன வாரம்' என்று தேதியில்லாமல் எழுதுவதும் புகாரை வீணாக்கிவிடும். பத்து இலக்கமும் சரியா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

லேண்ட்லைனில்தான் சிக்கல் அதிகம். எண் தெரியாமல் புகார் கொடுக்க முடியாது; எண் தெரிய வேண்டுமானால் இணைப்பில் காலர் ஐ.டி. வசதியும், போனில் திரையும் வேண்டும். பெரிய வீடுகளில் முகப்பில் ஒரு போன், உள்ளே பேரலலாக இன்னொன்று இருக்கும். உள்ளே இருப்பது திரையில்லாத பழைய போன் என்றால் அங்கே எடுப்பவர்களுக்கு எண் தெரியாது. திரையுள்ள போனை அதிகம் எடுக்கிற இடத்துக்கு மாற்றி வையுங்கள். பல மாடல்களில் அடியில் பென்டார்ச் பேட்டரி உண்டு. அது தீர்ந்தால் திரை வெறுமையாகும், அல்லது தேதி தப்பாகிவிடும். அந்தத் தேதியை நம்பிக் கொடுத்த புகார் நிற்காது. பக்கத்திலேயே ஒரு நோட்டும் பேனாவும் கட்டி வைத்தால் இன்னும் நல்லது.

140 என்று தொடங்கினால் பதிவு பெற்ற விளம்பர அழைப்பு, எடுக்க வேண்டியதில்லை. 1600 வரிசை வங்கி, காப்பீடு போன்ற நிறுவனங்களின் சேவை அழைப்புகளுக்கு ஒதுக்கப்பட்டது. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து எதையாவது விற்றால் அது விதிமீறல். அவர்களிடம் 'என் எண்ணை எடுத்துவிடுங்கள்' என்று மன்றாடுவதில் பயனில்லை; இந்த எண்ணில் ஆள் எடுக்கிறார் என்றுதான் குறித்துக்கொள்வார்கள்.

'உங்கள் இணைப்பைத் துண்டிக்கப் போகிறோம், 9-ஐ அழுத்துங்கள்' என்று டிராய் பெயரில் வருவது மோசடி. டிராய் அப்படி யாரையும் அழைப்பதில்லை. இத்தகைய அழைப்புகளை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் சக்ஷு என்ற பகுதியில் தெரிவிக்க வேண்டும். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும்.

தொலைபேசிச் சேவை மையங்களுக்கு ஒரு வேண்டுகோள். செம்புக் கம்பி இணைப்பை ஃபைபருக்கு மாற்ற வீட்டுக்கு வரும் ஊழியர், கிளம்பும் முன் காலர் ஐ.டி. வேலை செய்கிறதா என்று பார்த்து, வீட்டார் சம்மதித்தால் 1909 பதிவையும் முடித்துக் கொடுக்கட்டும். தங்கள் நாளிதழும் புகார் எழுதும் முறையை வாரம் ஒருமுறை, வெட்டிப் போனருகே ஒட்டிக்கொள்ளும் அளவில், பெரிய எழுத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், காரைக்குடி.