தெரியாத சொல்லுக்கு ஹரகத் போட வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு அரபி சொல்லிக் கொடுக்கிறேன். போன வாரம் ஒரு மாணவன் 'பள்ளியில் கல்வி உயர்த்தப்பட்டது' என்று மொழிபெயர்த்துக் கொண்டு வந்தான். பள்ளிக்கூடத்தின் மேல் கொடி ஏற்றினார்கள் என்பதுதான் செய்தி. ஐன், லாம், மீம் என்ற அதே மூன்று எழுத்தை 'அலம்' என்று வாசித்தால் கொடி, 'இல்ம்' என்று வாசித்தால் கல்வி. கைபேசிச் செயலி ஒன்று தானாகவே ஹரகத், அதாவது உயிரோசைக் குறி, போட்டுக் கொடுத்ததில் 'இல்ம்' என்று இருந்திருக்கிறது, அவனும் நம்பிவிட்டான். பள்ளிக்கூடம் என்று வேறு வருகிறதே, யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

அரபியில் குறில் ஓசைக்கு எழுத்து கிடையாது. ஜபர், ஜேர், பேஷ் என்று மேலும் கீழும் போடும் குறிகள்தான். குர்ஆனிலும் சிறுவர் பாடநூலிலும் இவை முழுதாக இருக்கும், நாளிதழில் அநேகமாக இருக்காது, பழகியவர்கள் வாக்கியத்தின் போக்கை வைத்தே வாசித்துவிடுவார்கள். புள்ளி வைக்காத நம் ஓலைச்சுவடிகளை வாசித்தவர்களும் இப்படித்தானே வாசித்தார்கள்.

கணினியும் முன்பின் சொற்களைப் பார்த்துத்தான் ஊகிக்கிறது. ஆனால் அதைப் பழக்குவதற்கு, ஹரகத் போட்ட உரை பெரும்பாலும் பழைய நூல்களில்தான் கிடைக்கிறது. 2017-இல் வெளிவந்த 'தஷ்கீலா' தொகுப்பில் ஏறத்தாழ 7.5 கோடி சொற்கள், அதில் இக்கால எழுத்து மிகச் சொற்பம். அந்த நூல்களில் 'இல்ம்' பக்கத்துக்குப் பக்கம் வரும், பள்ளிக்கூடக் கொடி எங்கிருந்து வரும்?

இதைவிடக் கஷ்டமானது சொல்லின் கடைசி எழுத்து. எழுவாயா, செயப்படுபொருளா என்பதைப் பொறுத்து அதன் குறி மாறும். கணினி அதிகம் தவறுவதும் அங்கேதான். குர்ஆனின் தவ்பா அத்தியாயத்தின் 3-ஆம் வசனத்தில் 'ரசூலுஹு' என்பதை ஒருவர் 'ரசூலிஹி' என்று ஓத, 'இணைவைப்போரை விட்டு அல்லாஹ்வும் அவன் தூதரும் விலகியவர்கள்' என்ற பொருள் 'அல்லாஹ் தன் தூதரை விட்டும் விலகியவன்' என்று தலைகீழானதைக் கேட்டுப் பதறித்தான், பழைய இலக்கண அறிஞர் அபுல் அஸ்வத் அத்துஅலீ ஹரகத்தைக் காட்ட வேறு மையில் புள்ளி வைக்கத் தொடங்கினார் என்று சொல்வார்கள். ஒரே ஒரு குறி, அவ்வளவுதான்.

இந்த நுட்பமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பார்வையற்றவர்களுக்குக் கணினி வாசித்துக் காட்ட வேண்டுமென்றால் ஹரகத் தெரிந்தாக வேண்டும். சரி, ஆனால் எல்லாச் சொல்லுக்கும் ஒரே உறுதியோடு ஏன் போட வேண்டும்? ஹதீஸ் என்னும் நபிமொழிகளைப் பிரதி எழுதிய முன்னோரில் ஒரு சாரார் குழப்பம் வரும் சொல்லுக்கு மட்டும் குறி போட்டால் போதும் என்றார்கள். அவர்களுக்கு விடை தெரியும். கணினிக்கோ குழப்பமான இடத்தில்தான் விடை தெரிவதில்லை. எந்த இடத்தில் தன் ஊகம் பலவீனம் என்பதை அது ஓரளவு கணக்கிட முடியும் என்கிறபோது, அந்தச் சொல்லை மட்டும் வெறுமனே விடலாம், இல்லையென்றால் இரண்டு வாசிப்பையும் வேறு நிறத்தில் காட்டலாம். செயலி செய்பவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். குறி இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பையன் அகராதியைப் புரட்டியிருப்பான், இல்லாவிட்டால் என்னிடமாவது கேட்டிருப்பான்.

இப்படிக்கு,
அரபி ஆசிரியர் ஒருவர்,
வாணியம்பாடி