பாடத்தை எங்களையே முடிக்க விடுங்கள்

எங்கள் வார்டு (உள்ளூர்ச் சபை) ஆயருக்கும் அவருடைய இரு ஆலோசகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள சகோதரர்களே,

ஸ்தோத்திரம்.

பாடம் எடுக்கிற பெண்ணைப் பாதியில் நிறுத்தாதீர்கள் என்று கேட்டு, இதையே முதலில் ஆங்கிலத்தில் எழுதி உங்கள் கையில் கொடுத்தேன். "ஜெபித்துவிட்டுச் சொல்கிறோம்" என்றீர்கள். ஜெபம் இன்னும் முடியவில்லை போலும். அதனால் இப்போது தமிழில், எல்லோரும் பார்க்க எழுதுகிறேன். உங்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கக் கைபேசி இருக்கிறது. சென்னையிலும் கோவையிலும் நம் சபையில் இருக்கிற சகோதரிகளுக்கு இது நேராகவே போய்ச் சேரட்டும்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக நாலு வரி. மார்மன் சபை என்று ஊரார் சொல்லும் நம் சபையில் சம்பளப் பாதிரியார் கிடையாது. பிரசங்கம், பாடம், பியானோ, நாற்காலி அடுக்குவது எல்லாமே சபையாருக்கு ஆயர் கொடுக்கும் "அழைப்பு". எனக்குக் கிடைத்த அழைப்பு பெரியவர்களின் ஞாயிறு பள்ளி. அந்த வாரப் பாடம், நம் வேதநூல்களில் ஒன்றான கோட்பாடும் உடன்படிக்கைகளும், 25-ஆம் பிரிவு. 1830 ஜூலையில், சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தின் மனைவி எம்மா ஸ்மித்துக்கென்று வந்த வெளிப்பாடு. வேதவாக்கியங்களை விளக்கவும் சபைக்குப் புத்தி சொல்லவும் நீ நியமிக்கப்படுவாய் என்று கர்த்தர் ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்கிற இடம். அந்த இடத்தை நடத்திக்கொண்டிருந்த பெண்ணைத்தான் பாதியில் ஓரங்கட்டினீர்கள். வேறொரு பாடத்தையாவது தேர்ந்தெடுத்திருக்கலாம்.

வகுப்பில் வயதில் மூத்த ஒரு சகோதரி கை தூக்கினார். அவருடைய முப்பாட்டி, நோயில் கிடக்கும் பெண்களின் தலையில் எண்ணெய் வைத்து, கை வைத்து ஜெபிப்பாராம். குடும்பத்தில் காலங்காலமாகச் சொல்வார்களாம். மெய்தானா என்று கேட்டார். மெய்தான் என்றேன். 1842 ஏப்ரல் 28 அன்று ஜோசப் ஸ்மித் நம் சபைப் பெண்களின் அமைப்பான ஒத்தாசைச் சங்கத்தில் பேசியபோது, விசுவாசமுள்ள பெண்கள் நோயாளிகள்மேல் கை வைப்பதில் பாவமில்லை என்றார். அது சங்கத்தின் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. சபையின் வரலாற்றுத் துறையே 2016-ல் அதை அச்சிட்டது. 20-ஆம் நூற்றாண்டு பிறந்த பிறகும் இந்த வழக்கம் தொடர்ந்தது. இதில் ரகசியம் ஒன்றுமில்லை. சபையின் இணையதளத்தில் யாரும் வாசிக்கலாம்.

அதற்குள் பின்வரிசை மடக்கு நாற்காலி கிரீச்சிட்டது. ஆலோசகர்களில் ஒருவர் எழுந்து, "ஒரு சின்ன விளக்கம்" என்றபடி முன்னால் வந்தார். நான் சாக்பீஸோடு பலகை ஓரமாக நகர்ந்தேன். வகுப்பில் மீதியிருந்த நேரம் முழுவதும் அந்தச் சின்ன விளக்கத்துக்கே போயிற்று. அந்தக் காலம் வேறு என்றார். ஆண்களுக்கு மட்டுமே தரப்படும் ஆசாரியத்துவத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்றார். பெண்கள் பிறவியிலேயே ஆவிக்குரியவர்கள், அவர்களுக்கு இதெல்லாம் தேவைப்படாது என்றார். பிறகு தன் சாட்சியைச் சொன்னார். முடிவு ஜெபத்துக்கு ஒரு சகோதரரையும் அவரே அழைத்தார். எல்லோரும் தலை குனிந்தபோது, பலகையில் நான் பாதி எழுதியிருந்த வசன எண் அப்படியே இருந்தது. கேள்வி கேட்ட அம்மா ஜெபம் முடிந்ததும் வேதப்பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டார். அதற்குப்பின் அவர் வகுப்பில் கை தூக்கி நான் பார்க்கவில்லை. எனக்கு நேர்ந்ததைவிட இதுதான் எனக்குப் பெரிது.

இது எனக்கு மட்டும் நடந்திருந்தால் இந்த மடல் வந்திருக்காது. ஒத்தாசைச் சங்கத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பெண் பாடம் எடுத்தால் பின்வரிசையில் ஒருவர் வந்து உட்கார்வார். பாடம் முடியும்போது "சகோதரி சொன்னதோடு நானும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்கிறேன்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்கு முற்றுப்புள்ளியே கிடையாது. ஆண்கள் வகுப்பெடுக்கும்போது இப்படி யாரும் எழுந்து நான் கண்டதில்லை. இஸ்ரவேலில் காணாமல்போன பத்துக் கோத்திரத்தாரும் வடதுருவத்தில் பனிக்கட்டிக்குள் குடியிருக்கிறார்கள் என்று நம் வார்டுப் பெரியவர் ஒருவர் முழு நம்பிக்கையோடு சொல்லி முடித்தார். சின்ன விளக்கம் கொடுக்க ஒருவரும் எழவில்லை. அச்சிட்ட ஆதாரத்தோடு பேசிய பெண்ணுக்குத்தான் திருத்தம் தேவைப்பட்டது.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. பாடம் எடுக்க ஒரு பெண்ணை அழைத்தால், அந்தப் பாடத்தை அவளே முடிக்கட்டும். சொன்னது தவறென்று பட்டால் வகுப்பு கலைந்தபின் அவளிடம் சொல்லுங்கள், ஆதாரத்தைக் கேளுங்கள். அடுத்த வகுப்பில் அவளே திருத்திக்கொள்வாள்.

நீங்கள் செய்தது வேறு. அந்த அழைப்பிலிருந்து விடுவிக்கப்படுவதை முதல்நாள் இரவு குறுஞ்செய்தியில் அறிந்துகொண்டேன். மறுநாள் திருவிருந்துக் கூட்டத்தில் "நன்றி தெரிவிக்க விரும்புவோர் கை உயர்த்துங்கள்" என்றீர்கள். நூறு கைகள் எழுந்தன. ஏன் என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்போது என் அழைப்பு நர்சரி. ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுவரை உள்ள குழந்தைகள். அவர்களைப் பற்றி எனக்குக் குறையே இல்லை, வார்டிலேயே வெளிப்படையாகப் பேசுகிறவர்கள் அவர்கள்தான். அங்கே என் பாடத்தை யாரும் வந்து முடித்துவைப்பதும் இல்லை. சோப்புக் குமிழி ஊதுவதில் கோட்பாட்டுப் பிழை வராது என்று முடிவு செய்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

பெண்கள் தொடங்கியதை ஆண்கள் முடித்துவைப்பது நம் சபைக்குப் புதிதல்ல. 1876-ல் அப்போதைய சபைத் தலைவர் பிரிகாம் யங், கோதுமை சேமிக்கும் வேலையை ஒத்தாசைச் சங்கத்து எம்மலின் வெல்ஸிடம் ஒப்படைத்தார். யூட்டா முழுவதும் ஒத்தாசைச் சங்கப் பெண்கள் அறுவடை வயலில் சிந்தியதைப் பொறுக்கியும், காசு சேர்த்து வாங்கியும் களஞ்சியம் களஞ்சியமாக நிரப்பினார்கள். பஞ்சத்திலும் பேரிடரிலும் அதிலிருந்து கொடுத்தார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் அது அவர்கள் கையில் இருந்தது. 1918-ல், முதல் உலகப் போரின்போது, 2,00,000 புஷலுக்கு மேற்பட்ட அந்தக் கோதுமை அமெரிக்க அரசுக்கு விற்கப்பட்டது. விற்றவர்கள் சபையின் தலைமை ஆயர் அலுவலகத்தார். சங்கத்தின் தலைவியைக் கேட்காமலேயே விற்றார்கள். தலைவி அதே எம்மலின் வெல்ஸ்தான், அப்போது அவருக்கு 90 வயது. போருக்குக் கொடுக்கமாட்டேன் என்றா சொல்லியிருப்பார்? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அந்தக் காலம் வேறு என்பார் நம் ஆலோசகர். சரி, இந்தக் காலத்தைப் பார்ப்போம். 1830-ல் தொடங்கிய சபையின் பொது மாநாட்டில் ஒரு பெண் ஜெபம் ஏறெடுக்க 2013 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஞானஸ்நானத்துக்குச் சாட்சியாகப் பெண் நிற்க 2019 அக்டோபர் ஆயிற்று. 2023-ல் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பக்கத்து வார்டுகளில், கூட்டத்தின்போது பெண் தலைவிகளும் மேடையில் உட்கார்ந்துவந்த வழக்கம் மேலிடத்து உத்தரவால் நின்றுபோனது. அவர்கள் கேட்டது ஆசாரியத்துவம் அல்ல, நாற்காலி. மறு வருடம் மார்ச்சில், வேறெந்த மதத்திலும் பெண்களுக்கு இத்தனை வல்லமையும் அதிகாரமும் இல்லை என்ற பேச்சைச் சபை இன்ஸ்டாகிராமில் போட, ஆயிரக்கணக்கான பெண்கள் அதன் கீழே தங்கள் அனுபவத்தை எழுதித் தீர்த்தார்கள். நம் வார்டுச் சகோதரிகளும் அதில் இருந்தார்கள். நீங்கள் வாசித்தீர்களா என்று தெரியவில்லை.

இதையெல்லாம் சொன்னால், "சகோதரி, நீங்கள் எங்களில் ஒருவர், ஏன் அந்நியமாக நினைக்கிறீர்கள்?" என்கிறீர்கள். வார்டு விருந்து ஒவ்வொன்றுக்கும் சமோசா கொண்டுவர என்னைத்தான் கேட்கிறீர்கள், அந்த அளவுக்கு நான் உங்களில் ஒருத்திதான். பாளையங்கோட்டைக்காரிக்கும் சமோசாவுக்கும் என்ன ஒட்டு உறவு என்று யாரும் யோசித்ததில்லை. கடையில் உறையவைத்த பாக்கெட் வாங்கிப் பொரித்துக் கொண்டுவருகிறேன். கார்ன்ஃப்ளேக்ஸ் தூவிய சீஸ் உருளைக்கிழங்குத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்த வேகத்தில் காலியாகிறது. சமையலில் யாரும் விளக்கம் கொடுத்ததில்லை.

என் பாட்டி திருநெல்வேலிச் சீமையில் பைபிள் உமனாக இருந்தவர். வெள்ளைச் சேலை, கறுப்பு அட்டை வேதம், ஒரு குடை. தெருத்தெருவாகப் போய் வீட்டுப் பெண்களுக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிரசங்க பீடத்தில் ஏற அவருக்கு அனுமதி இல்லை. ஆனால் திண்ணையில் அவர் பாடம் சொல்லும்போது எந்தப் பாதிரி ஐயரும் வந்து நடுவில் நின்றதில்லை. நான் விட்டுவந்த தென்னிந்தியத் திருச்சபையில் 2013-ல் புஷ்பா லலிதா பேராயராகவே அபிஷேகம் பெற்றார். அங்கேயே இருந்திருக்கலாமே என்று என் அக்கா கேட்கிறாள். இந்தச் சபையை நான் விசுவாசித்து வந்தேன், இன்னும் விசுவாசிக்கிறேன். விசுவாசம் இல்லாதவள் மடல் எழுதமாட்டாள், பேசாமல் நின்றுவிடுவாள். அப்படி நின்றுவிட்டவர்களின் இருக்கைகள் நம் வார்டில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன். கேட்க வந்ததை மரியாதையோடு கேட்டுவிடுகிறேன். பாடம் எடுக்கிற பெண் பாடத்தை முடிக்கட்டும். இது நீங்கள் மூவரும் உங்கள் அறையில் உட்கார்ந்து முடிவெடுத்தாலே போதும். சால்ட் லேக் தலைமையகத்தின் அனுமதி தேவையில்லை, கையேட்டில் ஒரு வரிகூட மாற வேண்டாம்.

இன்னொன்று. ஐந்தாம் ஞாயிறு வரும் மாதங்களில் ஆண்கள், பெண்கள் எல்லோருக்குமான பொது வகுப்பைத் தீர்மானிப்பது உங்கள் பொறுப்பு. அடுத்து வருகிற ஐந்தாம் ஞாயிற்றை ஒத்தாசைச் சங்கத்துக்குக் கொடுங்கள். 25-ஆம் பிரிவையே அவர்கள் மறுபடி எடுக்கட்டும். யார் நடத்துவது என்பதைச் சங்கத் தலைவி சொல்வார், நானாக இருக்க வேண்டியதில்லை. முதல் பாட்டிலிருந்து முடிவு ஜெபம்வரை அவர்கள் கையிலேயே இருக்கட்டும். நீங்கள் மூவரும் தாராளமாக வரலாம், கேள்வி இருந்தால் மற்றவர்களைப் போலக் கை தூக்குங்கள். அன்று கேள்வி கேட்ட அம்மாவை ஆயர் நேரில் போய் அழைத்தால் நல்லது. நான் அழைத்தால் வரமாட்டார்.

பதிலைத் தயவுசெய்து குறுஞ்செய்தியில் அனுப்ப வேண்டாம். ஞாயிறு இரண்டாம் மணி நேரத்தில் நர்சரி அறையில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி