கையெழுத்துக்கு முன்

கூலிம், கெடா, மலேசியா

அன்புள்ள மணியம்,

கடிதம் கிடைத்தது. மூத்தவனுக்கு இங்கே ஹைடெக் பார்க் தொழிற்பேட்டையில் வேலை உறுதியானது பெரிய சந்தோஷம். இங்கே வீட்டு வாடகை எவ்வளவு என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். பதில் ஒரு வரியில் அடங்காது.

ஊரைச் சுற்றி இன்னும் செம்பனையும் ரப்பரும்தான். ஆனால் வாடகையை ஏற்றி இறக்குவது 1996-இல் திறந்த அந்தப் பார்க். 2024 ஆகஸ்டில் சிப் தயாரிக்கும் இன்ஃபினியன் கம்பெனிகூட அங்கே புது ஆலை திறந்தது. குடும்பங்களுக்குப் பெரிய போட்டி, கம்பெனிகள் வாடகைக்கு எடுக்கும் தொழிலாளர் விடுதி. மூன்று அறை டெரஸ் வீட்டுக்கு ஒரு குடும்பம் 900 வெள்ளி (ரிங்கிட்) தருகிறது என்று வைத்துக்கொள். தலைக்கு 150 வீதம் எட்டுப் பேரை வைத்தால் அதே வீட்டில் 1,200 வரும். வீட்டுக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கும் வங்கித் தவணை இருக்கும். தொழிலாளர் தங்குமிடத்தில் படுக்க ஆளுக்கு 3.6 சதுர மீட்டராவது வேண்டும் என்கிறது தொழிலாளர் தங்குமிடத்துக்கான 446-வது சட்டம் (பெரிய கூட்டு விடுதியானால் 3). நல்ல சட்டம்தான், ஆனால் இருபது பேரை ஒரே வீட்டில் அடைக்க முடியாதபோது கம்பெனிக்கு இன்னும் இரண்டு வீடு தேவைப்படுகிறது.

மாத வாடகையை எல்லாரும் விசாரிக்கிறார்கள். சாவி வாங்கும் அன்றைக்குக் கட்ட வேண்டியதை யாரும் கேட்பதில்லை. வேலையோடு தோட்டத்து லயத்து வீடும் சேர்ந்து வந்த வம்சம் நாம், அந்தக் கணக்கு நமக்குப் பழக்கமில்லை. 900 வெள்ளி வீட்டுக்கு இரண்டு மாத டிபோசிட் 1,800, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் 450, முதல் மாத வாடகை 900. ஆக 3,150. குறைந்தபட்சச் சம்பளம் 1,700-இல் இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) போகக் கைக்கு வருவது ஏறக்குறைய 1,500. இரண்டு மாதச் சம்பளம் அப்படியே போய்விடும். இதற்காக வட்டிக்காரரிடம் போகிறவர்கள்தான் பிறகு வாடகையையும் கட்டாமல் விடுகிறார்கள்.

வாய்ப்பேச்சில் மட்டும் வீடு எடுக்க விடாதே. வீட்டு வாடகை இவ்வளவுதான் ஏறலாம் என்று சொல்ல இந்த நாட்டில் சட்டம் இல்லை. 1948-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடும் 2000-இல் முடிந்துவிட்டது. அதனால் காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் அவனுக்குக் காவல். இரண்டு ஆண்டு ஒப்பந்தம் கேட்கச் சொல். புதுப்பிக்கும்போது எத்தனை விழுக்காடு ஏறலாம், எத்தனை மாதம் முன்பு சொல்ல வேண்டும், டிபோசிட் எத்தனை நாளில் திரும்பும் என்று மூன்றையும் எழுதிக்கொள்ளட்டும். பிறகு முத்திரை வரி. ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும், ஓராண்டு வரை என்றால் 1 வெள்ளி, அதற்கு மேல் மூன்றாண்டு வரை 3 வெள்ளி. 900 வெள்ளி வீட்டுக்கு இரண்டு ஆண்டு என்றால் அவனுக்கு 132 வரும். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் ஆதாரமாக ஏற்காது. அந்தக் காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று பலர் ஏமாறுகிறார்கள்.

சாவி வாங்கும் அன்றே மின்சார, தண்ணீர் மீட்டர் எண்களையும், சுவர் விரிசல், கூரை ஒழுகல், குழாய் எல்லாவற்றையும் தேதி தெரியப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். டிபோசிட் பெரும்பாலும் இந்தச் சில்லறைச் சண்டையில்தான் போகிறது. தராவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு வழக்காக 5,000 வெள்ளி வரை கேட்கலாம். வக்கீல் வேண்டாம், 198-ஆம் பாரம் போதும்.

வாடகை பாக்கி என்றாலும் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பூட்டை மாற்றி ஆளை வெளியேற்ற முடியாது. 1950-ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிடவும் கூடாது. பாக்கிக்காக வீட்டுக்காரர் நீதிமன்றம் வழியே சாமான்களை ஜப்தி செய்யலாம், ஒப்பந்தம் முடிந்தும் காலி செய்யாவிட்டால் இரட்டை வாடகை கேட்கலாம்.

தூரத் தாமானில் (குடியிருப்பில்) 150 வெள்ளி குறைவு என்று யாராவது சொன்னால், இரண்டு பிள்ளைகளின் பள்ளி வேன் காசையும் மோட்டார் சைக்கிள் பெட்ரோலையும் முதலில் கூட்டிப் பார்க்கட்டும். வேனுக்குத் தலைக்கு 80 என்றாலே அந்த மிச்சம் கரைந்துவிடும். பள்ளி ஆண்டின் நடுவில் வீடு மாறினால் தமிழ்ப்பள்ளி மாற்றும் அலைச்சல் வேறு.

வீடு வாங்கிவிடலாமே என்கிறாய். 2 லட்சம் கடன், 4 விழுக்காடு, 35 ஆண்டு என்றால் தவணை ஏறக்குறைய 885, வாடகை அளவுதான். இடிக்கிற இடம் 10 விழுக்காடு முன்பணமும் பழைய கடன்களும். அவனுடைய பிடிபிடிஎன் கல்விக்கடன் பாக்கி, வங்கிகள் பார்க்கும் சிசிரிஸ் கடன் பதிவில் தெரியும், முதலில் அதைச் சரி செய்யச் சொல். மருமகள் வீட்டிலிருந்து தைத்துக் கொடுக்கிறாள் என்றாயே, பேஸ்லிப் இல்லாதவர்களுக்கு எஸ்ஜேகேபி என்ற அரசு வீட்டுக்கடன் உத்தரவாதம் இருக்கிறது. வங்கியில் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

ஒப்பந்த நகல் கைக்கு வந்ததும், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே எனக்கு அனுப்பச் சொல். படித்துப் பார்த்துச் சொல்கிறேன். வீட்டில் தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
செல்வம்