பெயர் சொல்லப்படாத தங்கை: அண்ணனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வெள்ளி விழா அழைப்பிதழ் கிடைத்தது. குருப்பட்டம் பெற்ற தேதியை விட்டுவிட்டு, எகிப்தின் பாலைவனத் துறவியான வனத்து அந்தோணியாரின் திருநாள், ஜனவரி 17-ஐ நீங்கள் தேர்ந்தெடுத்ததில் எனக்கு வியப்பில்லை. தனியாக எழுதிய கடிதங்களுக்கெல்லாம் உங்களிடமிருந்து ஆசீர் மட்டுமே பதிலாக வந்ததால், இதைப் பலர் பார்வையில் வைக்கிறேன். அதனாலேயே நம் வீட்டு நிலம் யாருக்குப் போனது என்பதை இங்கே எழுதவில்லை. அந்தோணியாரின் நிலத்தைப் பற்றி எழுதலாம் அல்லவா?

உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு என்ற முதல் வாசகத்தைக் கேட்டு, 300 அரூரா, ஏறக்குறைய 200 ஏக்கர் வளமான எகிப்து மண்ணை அவர் ஊராருக்குக் கொடுத்ததில் எனக்கு வழக்கில்லை. அவரிடம் கொடுக்க இருந்தது, கொடுத்தார். என் வழக்கு இரண்டாவது வாசகத்தோடுதான். நாளைக்காகக் கவலைப்படாதீர்கள் என்று கோவிலில் வாசிக்கக் கேட்ட பிறகே, தங்கைக்கென்று ஒதுக்கியிருந்த சொற்பத்தையும் கொடுத்துவிட்டு, அவளைக் கன்னியர் இல்லத்தில் ஒப்படைத்தார். அவளிடம் யாராவது கேட்டார்களா என்று, அந்தோணியாரின் வரலாற்றை எழுதிய ஆயர் அத்தனாசியார் எழுதவில்லை. உங்கள் மறையுரைகளிலும் அந்தச் சொற்பம் ஒரு மூச்சில் கடந்துபோகும். அடுத்த மூச்சில் பாலைவனம் வந்துவிடும்.

அப்போது அவருக்கு வயது 18 அல்லது 20. உங்களுக்கு 19, எனக்கு 9. விடுதி வாசலில் என் தகரப் பெட்டியைப் பூட்டி, சாவியைக் கறுப்பு நூலில் கோத்து, தொலைந்துவிடக் கூடாதென்று என் கழுத்தில் மூன்று முடிச்சுப் போட்டீர்கள். இறுக்கமாகப் போட்டுவிட்டீர்கள். இரவில் ஒரு கன்னியாஸ்திரி கத்தரிக்கோலால் அதை அறுத்தபோதுதான், அதுவரை அழாத நான், நூலைக் கேட்டு அழுதேன். நீங்கள் திரும்பிப் பார்க்காமல் போனீர்கள் என்று இத்தனை ஆண்டுகளும் உறவினரிடம் சொல்லி வந்திருக்கிறேன். அது பொய். இரண்டு முறை திரும்பிப் பார்த்தீர்கள். மன்னித்துவிடுங்கள். ஆனால் பார்த்தவர் திரும்பி வந்திருக்கலாமே?

மறைசாட்சியாக இறக்கும் ஆவலோடு, 311-ஆம் ஆண்டு கிறிஸ்தவர்களை வதைத்த வேதகலாபனையின்போது, விசாரணைக்கு நின்றவர்களுக்குத் துணையாக அலெக்சாந்திரியா வரை போன அந்தோணியார், அதற்கு முன் ஒருமுறையேனும் தங்கையைப் பார்த்துவர ஊருக்குப் போனதாக அந்த வரலாற்றில் ஒரு வரியும் இல்லை. இருக்கிற வரியோ இன்னும் மோசம். துறவின் தொடக்கத்தில் அலகை, அதாவது சாத்தான், அவரைச் சோதித்த விதங்களை வரிசையிடும் அத்தனாசியார், இழந்த சொத்தின் நினைவுக்கு அடுத்தபடியாகத் தங்கையைப் பற்றிய அக்கறையை வைக்கிறார். பண ஆசை, புகழாசை எல்லாம் அதற்குப் பிறகுதான். குருமடத்தில் நீங்கள் செபித்து விரட்டியவற்றுள் நானும் ஒன்று என்ற எண்ணம் அந்த இடத்தைப் படித்த நாளிலிருந்து என்னை விடவில்லை. காய்ச்சல் என்று சொல்லி உங்கள் முதல் திருப்பலிக்கு வராமல் இருந்துவிட்டேன். காய்ச்சல் இல்லை என்பது உங்களுக்கு அன்றே தெரிந்திருக்கும்.

அதே வரியைப் போன வாரம் மறுபடி படித்தேன். அலகையின் வேலையோ, அல்லவோ, அவருக்கு அவள் நினைவு வந்திருக்கிறது. வந்ததை அவர் யாரிடமோ சொல்லியிருக்கிறார், இல்லாவிட்டால் அத்தனாசியாருக்கு எப்படித் தெரியும்? (பிறர் மனத்தை ஊகித்து எழுதுவது புனிதர் வரலாறுகளில் வழக்கம்தான் என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள்.) பல ஆண்டுகளுக்குப் பிறகு மலையிலிருந்து இறங்கி வந்தபோது, கன்னியாகவே முதுமையடைந்து மற்றக் கன்னியருக்குத் தலைவியாக இருந்த அவளைக் கண்டு மகிழ்ந்தார் என்று இருக்கிறது. அவள் மகிழ்ந்தாளா என்பது இல்லை. அவளுடைய பெயரும் இல்லை. 105 வயதில் இறக்கும்போது தம் ஆட்டுத்தோல்களை யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று அவர் சொன்னது மட்டும் பெயர் விவரங்களோடு இருக்கிறது.

விழாவுக்கு வருகிறேன். முன்வரிசையில் இடம் போட வேண்டாம். ஆயரிடமோ பங்கு மக்களிடமோ என்னைக் காட்ட நேர்ந்தால், தங்கை என்பதோடு நிறுத்திவிடாமல் என் பெயரையும் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை