பசுமைப் பத்திரமும் அதன் இரட்டையும்

அன்பு மாப்ளே,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு உட்கார்ந்து எழுதும் முதல் கடிதம் இதுதான். பிராங்க்பர்ட் குளிரில் உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

பசுமைப் பத்திரத்தில், அதாவது சுற்றுச்சூழல் திட்டங்களுக்காகவே விற்கும் கடன் பத்திரத்தில், ‘எங்கள் ஊர்’ எங்கேயோ போய்விட்டது என்று பீற்றியிருந்தாய். மருமகன் ஊர் அதற்குள் உன் ஊராகிவிட்டதா! தேதியைப் பார்த்தால் அவ்வளவு தூரமில்லை. உங்கள் அரசு வளர்ச்சி வங்கியான கேஎஃப்டபிள்யூ 2014-இல் தொடங்கியது; இங்கே யெஸ் பேங்க் 2015-இல். அரசாங்கம் என்று பார்த்தால் ஜெர்மனி 2020 செப்டம்பர், இந்தியா 2023 ஜனவரி 25. இருவருக்கும் முன்பே, 2016-இல், போலந்து வெளியிட்டுவிட்டது. அதனால் நீயும் அதிகம் அலட்டிக்கொள்ளாதே.

அளவில் நீ ஜெயித்தாய், ஒப்புக்கொள்கிறேன். ஜெர்மனி முதல் தடவையே 650 கோடி யூரோ. நாம் ஐந்து வருஷப் பத்திரத்தில் 4,000 கோடி ரூபாய், பத்து வருஷப் பத்திரத்தில் 4,000 கோடி ரூபாய். அன்றைய விலைக்குச் சுமார் 90 கோடி யூரோதான். வட்டியோ தலைகீழ்: நம்முடையது 7.10, 7.29 சதவீதம், உன்னுடையது பூஜ்யம். வட்டியே இல்லாத பத்திரத்தை முகமதிப்புக்கும் மேல் விலை கொடுத்து வாங்கினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்புதான் வருகிறது.

ஆனால் நான் மெச்சுவது வேறு ஒன்றை. அவர்கள் பசுமைப் பத்திரத்துக்கு ஓர் இரட்டையை வைத்திருக்கிறார்கள். அதே முதிர்வு தேதி, அதே கூப்பன் (வட்டி விகிதம்), பெயரில் மட்டும் பச்சை இல்லை. பச்சையைக் கொடுத்துச் சாதாவை மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. விற்க முடியாமல் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் வாங்குகிறவனுக்கு இல்லை. பச்சைக்கு எவ்வளவு கூடுதல் விலை என்பதும் திரையில் பளிச்சென்று தெரிகிறது.

இங்கே அந்த வசதி இல்லை. முதல் ஏலத்தில் சாதாரண அரசுப் பத்திரத்தைவிட ஐந்து, ஆறு பேஸிஸ் பாயின்ட் (ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு பாயின்ட்) குறைந்த வட்டிக்குக் கடன் கிடைத்தது. 8,000 கோடிக்கு வருஷம் நாலு கோடி ரூபாய்ச் சொச்சம் மிச்சம். எல்லோரும் கைதட்டினார்கள். அப்புறம் அந்தச் சலுகை கரைந்துவிட்டது. 2024-இல் அறிவித்த தொகை முழுதும் விலைபோகாத ஏலங்களும் உண்டு. அதில் ஓர் ஏலத்தின் மிச்சத்தை, விலைபோகாததை வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்ட பிரைமரி டீலர்கள் தலையில் கட்டினார்கள்.

ஏன் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? நாம் ஒரு தடவை ஆசைப்பட்டு வாங்கிய கடன் பத்திரத்தைக் கேட்க ஆளில்லாமல் மூன்று மாதம் வைத்துக்கொண்டு முழித்தோமே, அந்தக் கதைதான். தினமும் மேனேஜர் வந்து ‘போச்சா?’ என்பார், நீ ஜன்னலைப் பார்ப்பாய். இந்தப் பத்திரமும் அப்படித்தான், தொகை சின்னது, வாங்கினவன் முதிர்வு வரை பெட்டியில் பூட்டிவிடுகிறான். ஐரோப்பாவில் பச்சை மட்டுமே வாங்க வேண்டும் என்று விதி வைத்த ஃபண்டுகள் இருக்கின்றன. இங்கே வங்கிக்கு எஸ்.எல்.ஆர் கணக்கில், அதாவது அரசுப் பத்திரம் போன்றவற்றில் கட்டாயமாக வைக்க வேண்டிய பங்கில், எல்லா அரசுப் பத்திரமும் ஒன்றுதான். பிறகு எதற்குக் கூடுதல் விலை?

ஒன்றில் மட்டும் உன்னை விடமாட்டேன். ஜெர்மனி அந்தப் பணத்தைப் போன வருஷம் செய்து முடித்த செலவுக்கு எதிரில் எழுதுகிறது. ஓடி முடிந்த ரயிலுக்கு டிக்கெட் எடுப்பதுபோல! நம் பணத்தில் மின்சார ரயில் என்ஜின், மெட்ரோ என்று ஏதோ கண்ணில் படுகிறது. எனக்குப் பிடித்தது இந்தூர் மாநகராட்சி 2023-இல் திரட்டிய 244 கோடி. நர்மதைத் தண்ணீரை ஊருக்கு ஏற்றும் மின்கட்டணம் தாங்காமல் சோலார் போடக் கடன் வாங்கினார்கள். அந்தக் கணக்கு எனக்கே புரிகிறது.

மருமகன் அலுவலகத் திரையில் ஜெர்மனியின் 2030 ஆகஸ்ட் பசுமைப் பத்திரமும் அதன் இரட்டையும் இன்றைக்கு எவ்வளவு வித்தியாசத்தில் நிற்கின்றன என்று கேட்டு எழுது. மூன்று பாயின்டுக்கு மேல் என்றால் அடுத்த தடவை நீ வரும்போது காபி என் செலவு.

உன் பழைய டெஸ்க்காரன்