நரம்பு வில் எடுத்தவர்களுக்கும் எடுக்கப்போகிறவர்களுக்கும்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாளாக வாட்சாப்பில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. எங்கள் வில்லின் முதுகில், அதாவது எய்பவருக்கு எதிர்ப்புறமாக இருக்கும் பக்கத்தில், இருப்பது மாட்டு நரம்பு இல்லையாம், நைலோன் நூலைப் பிரித்து ஒட்டியதாம். உங்களில் சிலர் அதை எங்களுக்கே அனுப்பி "உண்மையா?" என்று கேட்டீர்கள். நேரே கேட்டதற்கு நன்றி. விலை கூட என்று யாராவது சொன்னால் பேசாமல் இருந்துவிடுவோம். இதற்கு அப்படி இருக்க முடியவில்லை.

மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கத்து இறைச்சிக்கடைகளில் மாட்டின் பின்னங்கால் நரம்பைத்தான், அதாவது தசையை எலும்போடு சேர்க்கும் நாரைத்தான், வாங்குகிறோம். மான் நரம்பு கேட்பவர்களுக்கு எப்போதும் இல்லை என்றே பதில். வாங்கிய அன்றே கொழுப்பையும் சவ்வையும் சுரண்டி நிழலில் தொங்கவிடுகிறோம். காய்ந்து இறுகியதும் மரக்கட்டையில் வைத்துக் கொட்டாப்புளியால் தட்டவேண்டும். இரும்பு விளிம்பு பட்டால் நார் அறுந்துவிடும். தட்டத்தட்ட வெளுத்துப் பிரியும், பிறகு கையால் ஒவ்வொரு இழையாகக் கிழிக்கவேண்டும். இதைச் செய்துவந்த தம்பி கட்டாருக்குப் போய்விட்டார், இப்போது நானும் மனைவியும்தான் இரவில் உட்கார்ந்து கிழிக்கிறோம். இவ்வளவும் செய்கிறவர்களைப் பார்த்து நைலோன் என்றால் மனம் நோகாதா?

வில்லை இழுக்கும்போது அதன் முதுகுதான் நீள்கிறது. மரம் நூற்றில் ஒரு பங்கு அளவு நீண்டாலே வெடிக்கப் பார்க்கும். நரம்பு அதைப்போல் பல மடங்கு நீண்டு கொடுக்கும். அதனால்தான் துருக்கியரும் மங்கோலியரும் வட அமெரிக்கப் பழங்குடியினரும் வில்லின் முதுகில் நரம்பு போட்டார்கள். இழைகளைச் சலவைச் சோடாத் தண்ணீரில் கழுவி எண்ணெய்ப்பசை போக்கி, சூடான வச்சிரத்தில் (விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை) தோய்த்து, செங்கல் வரிசை போல ஓரங்கள் ஒரே இடத்தில் சேராமல் ஒட்டுகிறோம். வச்சிரம் கொதிக்கவே கூடாது. 60 பாகைக்குப் பக்கத்தில் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் வைத்திருக்கவேண்டும், கொதித்தால் பிடிமானம் போய்விடும். காயும்போது நரம்பு சுருங்கி வில்லின் இரு நுனிகளையும் முன்பக்கம் இழுக்கும். நைலோன் அப்படிச் சுருங்கி இழுக்காது, வச்சிரமும் அதில் சரியாகப் பிடிக்காது.

சந்தேகம் இருந்தால் நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் இழையை வெட்டி வாயில் வைத்து ஊறவிடுங்கள். நரம்பென்றால் மென்மையாகிவிடும். அப்புறம் இன்னோர் இழையைக் காயவைத்து, வில்லுக்குத் தள்ளி நின்று நெருப்பில் பிடியுங்கள். மயிர் கருகும் மணம் வந்து, நசுக்கினால் பொடியாகும். நைலோன் உருகி உருண்டையாய் நிற்கும். குரல்பதிவு அனுப்பியவரும் இதைச் செய்து பார்க்கட்டும்.

மாரிக் காற்றில் நரம்பும் வச்சிரமும் ஈரத்தை இழுத்துவிடும். ஆகவே இனி எடுக்கும் ஓடர்கள் பங்குனிக்குப் பிறகுதான் கைக்கு வரும், வச்சிர விலையால் ஒரு வில்லுக்கு 6,000 ரூபா கூடும். முற்பணம் கட்டியவர்களுக்குப் பழைய விலையே.

கூத்துக்கு வில் எடுக்கும் அண்ணாவிமாருக்கு (கூத்துப் பழக்கும் ஆசிரியர்களுக்கு): உங்கள் வில்லில் நரம்பு இல்லை, விலையும் மாறவில்லை. ஊரில் யாரும் எங்களைத் தெரியாத காலத்தில் முதல் வேலை தந்தவர்கள் நீங்கள், அந்த நன்றி எப்போதும் இருக்கும். மழைக்கு மழை பொறுத்திருந்து வாங்கிய கொழும்பு, வெளிநாட்டு உறவுகளுக்கும் அதே நன்றி. நாணைக் கழற்றி, ஈரம் படாத அறையில் வில்லைக் கிடையாக வையுங்கள். நரம்பு கிழிப்பதைப் பார்க்க வருகிறவர்கள் எந்த நாளும் மாலை வரலாம்.

அன்புடன்,
வில் பட்டறை, ஒட்டுசுட்டான்