அகப்பைச் சத்தம்

பாரிஸ்
ஞாயிற்றுக்கிழமை

அன்பின் சிவகாமி,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. முழங்கால் நோவு குறைந்து கோயிலுக்கு நடந்து போய் வருகிறாய் என்று வாசித்ததும் மனம் ஆறியது. எண்ணெய் பூசுவதை விட்டுவிடாதே. இங்கே குளிர் இன்னும் போகவில்லை. இவருக்கு இரவு வேலை, எனக்குப் பள்ளிக்கூடச் சமையலறை. எல்லாம் முந்தி மாதிரித்தான்.

சின்னவளைப் பற்றிக் கேட்டிருந்தாய். சுகமாக இருக்கிறாள். அவளால் எனக்குத் தெரியவந்த ஒருத்தியைப் பற்றி உனக்கு எழுத வேண்டும் என்று ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பெயர் அனா டிஜூ. சிலி நாட்டுக்காரி, ஸ்பானிய மொழியில் ராப் பாடுகிறவள். சின்னவள் அறைக்குள் போட்டுக் கேட்கும்போது முதலில் எனக்கு அது வெறும் இரைச்சல். பிறகு ஒருநாள் பக்கத்தில் இருந்து வரிவரியாகப் பிரெஞ்சில் சொல்லிக் காட்டினாள்.

அனா பிறந்தது சிலியில் இல்லை, இந்த நாட்டின் வடக்கே இருக்கிற லில் நகரத்தில், 1977இல். 1973 செப்டெம்பர் 11ஆம் திகதி சிலியில் தளபதி பினோசேயின் இராணுவம், தேர்தலில் வென்ற ஜனாதிபதி அயெந்தேயின் ஆட்சியைக் கவிழ்த்தது. விக்டர் ஹாரா என்ற பாடகரை விளையாட்டரங்கில் அடைத்து வதைத்துச் சுட்டார்கள். உடம்பில் 40க்கு மேல் குண்டுகள். அந்தக் காலத்தில் தப்பி வந்தவர்களின் பிள்ளை இவள். தாய் இங்கே சமூக சேவை வேலையில், குடியேறி வந்தவர்களின் வீடுகளுக்குப் போய்வருவார். மகளும் கூடப் போவாள். ஆபிரிக்காவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளோடு பழகித்தான் அவள் இந்த இசைக்குள் வந்தாள்.

சின்னவள் இதைச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நான் விடியக் காலமை கந்தோர் துப்புரவாக்கப் போன நாட்களில் அவளுக்கு ஐந்து வயது. விட்டுவிட்டுப் போக ஆளில்லாமல் கூட்டிக்கொண்டு போவேன். யாரோ ஒருவரின் சுழல்கதிரையில் என் கோட்டைப் போர்த்திக்கொண்டு தூங்குவாள். பிள்ளைக்கு ஊரும் இல்லை, ஒழுங்கான நித்திரையும் இல்லை என்று அந்த நாட்களில் நான் அழுதிருக்கிறேன்.

பினோசேயின் சர்வாதிகாரம் 1990இல் முடிந்தது. 1993இல் அனாவின் குடும்பம் சிலிக்குத் திரும்பியது. தாய் தகப்பனுக்குத்தான் அது திரும்புதல். அவளுக்கு அப்போது பதினாறு வயது, வளர்ந்ததெல்லாம் பிரான்ஸில். வெளிநாடுகளில் வளர்ந்து வந்த பிள்ளைகளோடு சேர்ந்து ‘மகீசா’ என்ற குழுவில் பாடினாள். பிறகு தனியாக. பிறந்த வருஷத்தையே தலைப்பாக வைத்து வெளியிட்ட ‘1977’ அல்பம்தான் அவளை உலகத்துக்குக் காட்டியது.

2011இல் சிலி மாணவர்கள் இலவசக் கல்வி கேட்டுப் பள்ளிக்கூடங்களுக்குள் புகுந்து மாதக்கணக்கில் இருந்தார்கள். அந்தப் பள்ளிக்கூடங்களிலேயே அவளுடைய ‘ஷொக்’ பாட்டுக்கான படம் எடுக்கப்பட்டது. இன்னொரு பாட்டில் லண்டனில் பிறந்த பலஸ்தீனப் பெண் ஷாதியா மன்சூர் அரபியில் பாட, இவள் ஸ்பானியத்தில் பாடுகிறாள். மத்திய கிழக்குக்கு வெளியே பலஸ்தீனர்கள் ஆகக் கூடுதலாக வாழ்வது சிலியில்தான் என்று அதற்குப் பிறகுதான் அறிந்தேன்.

2014இல் சிலியின் தலைநகர் சான்டியாகோவில் ஒரு பெரிய இசைவிழா. மேடையில் அவள் நிற்க, கூட்டத்திலிருந்து சிலர் “வேலைக்காரி மூஞ்சி” என்று கத்தினார்கள். அவளுடைய முகத்தில் இருக்கிற பழங்குடிச் சாயலுக்குத்தான் அந்தப் பேச்சு. வீட்டுவேலை செய்யும் பெண்கள் உழைப்பாளிகள், அவர்களோடு என்னைச் சேர்த்துச் சொல்வதில் எனக்கு இழிவில்லை என்ற பொருளில் அவள் பதில் எழுதினாள். நானும் நீயும் படித்த பள்ளிக்கூடத்தில் யார் யாரை என்னென்ன சொல்லிக் கூப்பிட்டோம் என்று அன்றிரவு யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். உனக்கும் நினைவிருக்கும்.

2019 ஒக்டோபரில் சான்டியாகோ மெற்றோவில் கட்டணம் 30 பேசோ கூடியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரிக்கெற் எடுக்காமல் தடுப்பைத் தாண்டிக் குதிக்கத் தொடங்கினார்கள். சில நாட்களில் நாடே தெருவில். இராணுவம் இறங்கியது, ஊரடங்கு போட்டார்கள். ஊரடங்கு என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. பொலிசார் சுட்டதில் 400க்கு மேற்பட்டவர்களுக்குக் கண்ணில் காயம். அப்போது ஒரு சில நாட்களுக்குள் அனா ஒரு பாட்டை வெளியிட்டாள். வெடிக்கு எதிரே மரக்கரண்டி, ஊரடங்கு நேரத்தில் சட்டியைத் தட்டு என்பதுதான் அதன் கருத்து. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று நாங்கள் சொல்வோம். அங்கே சனம் சட்டியில் ஒன்றும் இல்லை என்பதை அகப்பையாலேயே தட்டி ஊருக்குக் கேட்கச் செய்கிறது.

இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. சிலியில் 1971இல் இதே சட்டியை முதலில் தட்டியவர்கள் வசதியான வீட்டுப் பெண்கள், அயெந்தேக்கு எதிராக. 1983இல் பினோசேக்கு எதிராகத் தட்டினார்கள். சட்டி எல்லாப் பக்கமும் பேசும். யாருடைய சட்டி வெறுமை என்றுதான் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

2019இல் நடந்த போராட்டத்தால், 1980இல் பினோசே எழுதிய அரசியலமைப்பை மாற்ற வாக்கெடுப்பு வந்தது. 2020இல் 78 வீதம் பேர் மாற்று என்றார்கள். எழுதி முடித்த வரைவை 2022இல் 62 வீதம் பேர் வேண்டாம் என்றார்கள். சின்னவள் அதைச் சொல்லும்போது அவள் முகம் விழுந்துபோனது. அனாவுக்கோ அதற்குள் வேறு துயரமும். 2019இல் அவளுடைய சகோதரி தானியா புற்றுநோயில் போய்விட்டாள். பத்து வருஷத்துக்குப் பிறகு, 2024இல் வந்த அல்பத்துக்கு அவள் வைத்த பெயர் ‘வீதா’. வாழ்வு என்று அர்த்தம். அதில் தானியாவுக்கு ஒரு பாட்டு உண்டு, அழுகைப் பாட்டில்லை, ஆடக்கூடிய பாட்டு. அம்மா செத்த வருஷம் இதைக் கேட்டிருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்.

போன சனிக்கிழமை சின்னவள் குசினிக்குள் நின்று, நான் வெளிக்கிட்ட அன்று நீ சுற்றித் தந்தாயே அந்தச் சிரட்டை அகப்பை, அதை எடுத்துச் சோற்றுப் பானையில் தட்டிக்கொண்டு அனாவின் அந்தச் சட்டிப் பாட்டைப் பாடினாள். பாதியில் நிறுத்தி, “அம்மா, இதுக்குத் தமிழில் என்ன பெயர்?” என்று கேட்டாள். சொன்னேன். அகப்பை, அகப்பை என்று நாலைந்து தரம் தாளத்துக்குச் சொல்லிப் பார்த்தாள். தட்டின தட்டில் பிடி கழன்றுவிட்டது, நூல் வைத்துக் கட்டியிருக்கிறேன்.

ஆடியில் அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். திருவிழாக் கடையில் நல்லதாய் இரண்டு அகப்பை பார்த்து வாங்கி வை.

அன்புடன்,
மலர்